கேட்காமல் கொடுத்த புல்வெளி

அத்தியாயம் 9

பொக்லைன் மேடேறும் சத்தம் சமையலறை ஜன்னல் வழியாக வந்தபோது டோர்டிஸின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

பலகையில் பாதி நறுக்கிய கேரட் கிடந்தது. அடுப்பில் பெரிய அண்டாவில் ஆட்டிறைச்சி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சபையார் எல்லோரும் இன்று வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சமைப்பது அவள் பொறுப்பு. தன் நிலத்தைத் தோண்ட வருகிறவர்களுக்குத் தன் கையாலேயே சூப் வைக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்கு இப்படித்தான்.

அன்று போதகர் ஈவார் உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நம் கையில் இருப்பது எதுவும் நம்முடையதல்ல, பார்த்துக்கொள்ளச் சொல்லி நம்மிடம் ஒப்படைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். டோர்டிஸும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிரசங்கம் முடிந்ததும் கட்டடக் குழுவின் தலைவர் என்ற முறையில் அவள் கணவன் டெல்லெஃப் எழுந்து நின்றான். ஜெபவீட்டை விரிவாக்க இடம் இல்லை என்று இனி யாரும் கவலைப்பட வேண்டாம், தெற்குப் பக்கத்துப் புல்வெளியை எங்கள் குடும்பம் ஆண்டவருக்குக் கொடுக்கிறது என்று அறிவித்தான்.

சபை முழுக்க எழுந்து நின்று பாடியது. பின்வரிசையில் யாரோ அழுதார்கள். டோர்டிஸின் பக்கத்தில் இருந்த பெரித் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பத்து வருஷமாகச் சபை விருந்தின் வாஃபிள் அப்பத்துக்கு மாவு கரைக்கிற விஷயத்தில் அவளோடு முறைத்துக்கொண்டிருந்த பெரித்!

அந்தப் புல்வெளி டெல்லெஃபுடையது அல்ல. வீடு அவனுடையது, கடலோரத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை அவனுடையது, படகு அவனுடையது. புல்வெளி மட்டும் டோர்டிஸுக்கு அப்பா வழியில் வந்தது. பாகம் பிரித்தபோது தம்பி சால்வேக்குக் காடும் அவளுக்குப் புல்வெளியும் விழுந்தன. இந்த உலகத்தில் அவள் பேரில் மட்டும் இருக்கிற ஒரே சொத்து அது.

இன்னொன்றும் இருந்தது. அது டெல்லெஃபுக்குத் தெரியாது.

அந்தப் புல்வெளியை டோர்டிஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாள்.

பெர்கன் நகரத்தில் இருக்கும் மகள் சுன்னிவா பனிக்காலத்தில் ஒரு நாள் போனில் அழுதாள். கல்யாண வாழ்க்கை முடிந்துபோயிற்று, அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றாள். டோர்டிஸ் ஒரு நொடி யோசிக்கவில்லை. "புல்வெளி இருக்குடி. அதுல சின்னதா ஒரு வீடு கட்டிக்கோ. பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டாள். ஜூன் கடைசியில் வருவதாகப் பேச்சு. அதற்குள் டெல்லெஃபிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இன்று காலை மறுபடி போன். சுன்னிவா பஸ்ஸில் இருந்தாள். குழந்தை ஈதா மடியில் தூங்குகிறதாம். இனி அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை, கிளம்பிவிட்டேன், மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றாள். புல்வெளியைப் பற்றி மகளிடம் எப்படிச் சொல்வது என்று டோர்டிஸ் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏதோ சுரங்கப்பாதைக்குள் நுழைந்து இணைப்பு அறுந்துபோயிற்று.

பின்வாசல் கதவு திறந்தது. டெல்லெஃப் ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தான். நெடிய மனிதன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. அவளைப் பார்க்காமல் நேராகக் காபி குடுவைகள் இருந்த பக்கம் போனான்.

"சூப்பு நேரத்துக்கு வந்துடும்ல?"

"வரும். டெல்லெஃப், கொஞ்சம் உக்காரு."

"ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அந்த நிலம்…"

"டோர்டிஸ்." அவன் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினான். "இன்னைக்கு வேண்டாம். இந்த ஒரு நாள் நல்லபடியா போயிடட்டும். அப்புறம் என்னை என்ன வேணா கேளு, எப்படி வேணா திட்டு."

வாசல்வரை போனவன், சாப்பாட்டு ஜெபத்தை இன்று அவள்தான் செய்ய வேண்டும், எல்லோரும் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவன் பேசியபோது டோர்டிஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். எவ்வளவு பெரிய எஞ்சினையும் அலுங்காமல் பிரித்துப் போடுகிற கை. அது நடுங்கியது.

வாரம் முழுக்க அவள் கோபத்தில் இருந்தாள். பெருமைக்காக, சபையில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தான் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போதுதான் அவளுக்குப் பட்டது, இவன் எதற்கோ பயப்படுகிறான். எதற்கு?

*

ஸ்கார்விக் ஊரின் ஜெபவீடு வெள்ளைப் பலகை அடித்த சின்னக் கட்டடம். வடக்கே பாறை, கிழக்கே சாலை, மேற்கே கடல். விரிவாக்க வேண்டுமென்றால் தெற்கே புல்வெளிதான்.

விரிவாக்க வேண்டும் என்பதில் டோர்டிஸுக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பேச்சை முதலில் எடுத்தவளே அவள்தான். அவள் நடத்துகிற ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் அதிகமாகி, கோட்டு மாட்டுகிற அறையில் ஈரக் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். போன வருஷம் சபைக் கூட்டத்தில் எழுந்து, பிள்ளைகளுக்கு ஒரு அறை வேண்டாமா என்று கேட்டது அவள். அந்த அறைக்குத்தான் இன்று வேலி உடைக்கிறார்கள். இதில் யாரைப் போய்க் கோபிப்பது?

அவள் காபியும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு போனபோது புல்வெளியில் திருவிழா மாதிரி இருந்தது. ஆண்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நின்றார்கள். பெண்கள் நீள மேசைகளைப் போட்டு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள். மே மாத வெயில். கடலில் இருந்து குளிர்ந்த காற்று. எல்லோரும் அவளிடம் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள். மூன்று பிள்ளைக்காரன் ஒருவன், உங்களை மாதிரி ஒரு குடும்பம் இருந்தால் போதும் எங்களுக்கு என்று சொல்லிக் கண் கலங்கினான். அவள் தலையை ஆட்டினாள். ஆட்ட ஆட்ட உள்ளே ஏதோ கனத்துக்கொண்டே போயிற்று.

பொக்லைனை ஓட்டி வந்திருந்தது தம்பி சால்வே. எஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்து அவளிடம் ஒரு கோப்பைக் காபி வாங்கிக்கொண்டான்.

"அக்கா, மனசாரத்தான் குடுக்குற?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவனுக்குப் பின்னால் டெல்லெஃப் நின்றுகொண்டிருந்தான். பேச்சு கேட்கும் தூரத்தில் இல்லை. ஆனாலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தீர்ப்பு சொல்லப்போகிறவர் முன்னால் நிற்பவன் பார்க்கிற மாதிரி.

"காபி ஆறுது, குடி" என்றாள்.

சால்வே ஒரு நொடி அவளைக் கூர்ந்து பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான். பொக்லைனின் வாளி இறங்கியது. கல்வேலியின் மேல்வரிசைக் கற்கள் சரிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வேலியில் வண்டி நுழையும் அளவுக்கு வழி விட்டதும், அடுத்து புல்லோடு மேல்மண்ணைச் சுரண்டி ஒதுக்க வேண்டும். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டெல்லெஃப் சொன்னான்.

*

எல்லோரும் மேசைகளைச் சுற்றி நின்றார்கள். தட்டுகளில் சூப் ஆவி பறந்தது. டெல்லெஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த இடத்தில் நாம் சாப்பிடுகிற முதல் சாப்பாடு இது, டோர்டிஸ் நமக்காக ஜெபிப்பாள் என்றான்.

தொப்பிகள் கழன்றன. தலைகள் குனிந்தன.

டோர்டிஸ் கைகளைக் கோத்துக் கண்ணை மூடினாள். இருபது வயதிலிருந்து இந்தச் சபையில் ஜெபித்து வந்த வாய். வார்த்தைகள் தானாக வரும், வரவிட்டால் போதும். ஆண்டவரே, இந்த நிலத்துக்காக ஸ்தோத்திரம்… அந்த முதல் வரி நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

 யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை ஏன் பாட்டி பேச மாட்டேங்குறாங்க என்று கேட்க, அதன் அம்மா உஷ் என்றாள்.

டோர்டிஸ் கண்ணைத் திறந்தாள்.

"என்னால ஜெபம் பண்ண முடியல. மன்னிச்சுக்கோங்க."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"இந்தப் புல்வெளி என் பேர்ல இருக்கு. போன ஞாயித்துக்கிழமை இதைக் குடுத்ததா நீங்க எல்லாரும் கேட்டீங்க. நானும் உங்களோட உக்காந்துதான் கேட்டேன். அதுக்கு முன்னாடி எனக்கு எதுவும் தெரியாது. என்கிட்ட யாரும் கேக்கல."

அவள் குரல் உயரவில்லை. அண்டாவிலிருந்து சூப் பரிமாறுகிறபோது இன்னும் கொஞ்சம் வேணுமா என்று கேட்பாளே, அதே குரல்தான். ஆனால் கடைசி மேசைவரைக்கும் கேட்டது.

டெல்லெஃப் முகத்தில் ரத்தம் இல்லை. மேசை விரிப்பில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி நின்றான்.

போதகர் ஈவார் சின்ன வயதுக்காரர். நாற்பது ஆகவில்லை. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"டெல்லெஃப், நீங்க அவங்ககிட்ட கேக்கலையா?"

"கேக்கல."

அவ்வளவுதான் சொன்னான். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

முணுமுணுப்பு எழுந்தது. பெரித் கரண்டியைச் சத்தம் கேட்கும்படி கீழே வைத்தாள். "ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்குறவங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"திருப்பிக் கேக்கல பெரித்" என்றாள் டோர்டிஸ். "நான் இன்னும் குடுக்கவே இல்ல."

மூன்று பிள்ளைக்காரன் பிள்ளைகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தான். சின்னவள் திரும்பித் திரும்பி சூப்பைப் பார்த்துக்கொண்டே போனாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள் கிளம்பின. இந்தப் பிள்ளைகளுக்காகத்தானே இடம் கேட்டோம் என்று டோர்டிஸ் அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஈவார் மற்றவர்களைப் பார்த்தார். உக்கிராணத்துவத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிவிட்டு, கொடுக்கிற கை யாருடையது என்று பார்க்காமல் தானும் கையை நீட்டிவிட்டதாகச் சொன்னார். அது தன் தப்பு என்றார். நாளை ஆராதனை முடிந்ததும் சபையார் இருக்க வேண்டும், டோர்டிஸ் எதையாவது சொல்ல விரும்பினால் அப்போது சொல்லட்டும், சொல்ல விரும்பாவிட்டால் அதுவும் அவர் இஷ்டம் என்றார். அதுவரை இங்கே ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் அள்ளக் கூடாது. பிறகு அவரே சின்னதாக ஒரு ஜெபம் செய்தார், ஆறிப்போவதற்குள் சாப்பிடச் சொன்னார்.

சிலர் சாப்பிட்டார்கள். ருசி யாருக்கும் தெரிந்திருக்காது.

சால்வே வந்து பொக்லைன் சாவியை அக்காவின் ஏப்ரன் பைக்குள் போட்டான். "இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

அவள் டெல்லெஃபைத் தேடினாள். அவன் நின்ற இடம் காலியாக இருந்தது. சாலையோரத்தில்தான் அவளுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு பெட்டியை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சுன்னிவா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது.

*

குழந்தையைச் சால்வேயிடம் விட்டுவிட்டு அம்மாவும் மகளும் ஜெபவீட்டின் பின்பக்கம் போனார்கள். சுன்னிவா இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டோர்டிஸ் அவள் கன்னத்தைத் தொடப்போனாள். அவள் விலகிக்கொண்டாள்.

"எனக்காகவா இப்படிப் பேசின?"

"இல்ல. எனக்காகப் பேசினேன்."

"என் விஷயம் இல்லன்னா நீ மறுத்திருப்பியா?"

 டோர்டிஸ் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எது உண்மை என்றுதான் தெரியவில்லை. முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. சுன்னிவாவுக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்றால், நிச்சயம் கொடுத்திருப்பாள்.

"உங்க அப்பாவைப் பாத்துட்டு வரேன்" என்றாள். "நீ வீட்டுக்குப் போ. பாப்பாவுக்குப் பசிக்கும்."

*

டெல்லெஃப் கடலோரக் கொட்டகையில் இருந்தான். பெரிய கதவு திறந்திருந்தது. ஒரு எஞ்சினுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் கருவி எதுவும் இல்லை.

டோர்டிஸ் வாசலில் நின்றாள். "காலையில என்ன சொன்ன? அப்புறம் என்ன வேணா கேளுன்ன. இப்பக் கேக்குறேன். ஏன் டெல்லெஃப்?"

 வெளியே அலை, படகுத்துறையின் மரத்தூண்களில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, அவளைப் பார்க்காமலேயே, சில வருஷங்களுக்கு முன்னால் அவள் இருதய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஆபரேஷன் முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. பிள்ளைகளை வரச்சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அது அவளுக்கும் தெரியும், சுன்னிவா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் அவன் எங்கே போனான் என்பது அவளுக்குத் தெரியாது.

"கார் நிறுத்துற இடத்துக்குப் போனேன். பனி கொட்டிட்டு இருந்துச்சு. அங்க நின்னு ஆண்டவர்கிட்டப் பேசினேன். படகைத் தரேன்னேன். இந்தக் கொட்டகையைத் தரேன்னேன். யாரும் எடுக்காத போன் மாதிரி இருந்துச்சு, டோர்டிஸ். அப்புறம்… அந்தப் புல்வெளியைச் சொன்னேன். சொல்லி வாய மூடல, நர்ஸ் கதவைத் திறந்துட்டு வந்து கையாட்டினா. ரத்தம் நின்னுடுச்சுன்னா."

டோர்டிஸ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பொருத்தனை பண்ணின" என்றாள்.

"ஆமா."

"என் உயிருக்கு என் நிலத்தையே வச்சுப் பேரம் பேசியிருக்க."

"ஆமா" என்றான் மறுபடி. "அந்த நேரத்துல அது யாரோடதுன்னு எனக்குத் தோணல. நம்மகிட்ட இருக்கிறதுலேயே நல்லது எதுன்னுதான் தோணுச்சு."

"இவ்வளவு நாளா ஏன் வாய் திறக்கல?"

"நீ நல்லாயிட்ட. சொல்லத் தைரியம் வரல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டே வந்தேன். இந்தப் பனிக்காலம் டாக்டர், ஸ்கேன் படத்துல ஏதோ நிழல் மாதிரி தெரியுது, மறுபடி பாக்கணும்னாரே…"

"ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாரு?"

"ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாரு. நீ அதை ஒண்ணும் இல்லன்னு கேட்டுட்டு வந்த. எனக்கு அப்படிக் கேக்கல. வாக்கை நிறைவேத்தலயேன்னு கதவைத் தட்டுற மாதிரி கேட்டுச்சு. அடுத்த மாசம் உனக்குப் பரிசோதனை. அதுக்குள்ள முடிச்சுடணும்னு…" 

அவன் கை நடுங்கியதன் காரணம் அவளுக்கு இப்போது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையும் என்று பார்த்தால், குறையவில்லை. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பனியில் தொப்பி இல்லாமல் நின்றிருப்பான். அவனுக்குத் தொப்பி போடத் தோன்றியே இருக்காது.

"என்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே, பைத்தியக்காரா."

"நீ மாட்டேன்னுட்டா? அப்புறம் நான் எங்க போவேன்? சபைக்கு முன்னாடி சொல்லிட்டா நீ மறுக்க மாட்டன்னு நினைச்சேன்."

அது கேவலமான உண்மை. ஆனாலும் அவன் அதை மறைக்கவில்லை.  அப்போதுதான் அவன் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்து, அவள் எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"நீ ஏன் மறுத்த? வெறும் புல்லுதானே முளைக்குதுன்னு நீயே சொல்லுவியே."

அவள் வார்த்தையை மென்று விழுங்கினாள். மகளுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது.

"என்னாலதான்ப்பா."

சுன்னிவா வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவின் பின்னாலேயே இறங்கி வந்திருக்கிறாள்.

அவள் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். கணவனைப் பிரிந்துவிட்டாள். திரும்பிப் போகப்போவதில்லை. அம்மா புல்வெளியில் வீடு கட்டிக்கொள்ளச் சொன்னாள், அதை நம்பித்தான் வந்தாள். அழாமல் சொல்லி முடித்தாள். பஸ்ஸிலேயே அழுது தீர்த்திருப்பாள் போலிருக்கிறது.

டெல்லெஃப் எழுந்து மகளிடம் வந்தான். எண்ணெய்க் கறை படிந்த கையை அவள் தலையில் வைக்கலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு வைத்தான். அவன் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"அம்மாவுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பனிக்காலத்திலேர்ந்து."

அவன் தலையை ஆட்டினான். டோர்டிஸ் பக்கம் திரும்பினான். அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீயும் என்கிட்ட கேக்கல."

 நிலம் என்னுடையது, உன்னைக் கேட்க வேண்டியதில்லை என்று டோர்டிஸ் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் அவன் கேட்டது நிலத்தைப் பற்றி அல்ல. தன் மகள் அங்கே உடைந்துபோய்க் கிடந்தது இத்தனை நாளாகத் தனக்குத் தெரியாதே என்பதைப் பற்றி.

"சரி, இப்ப எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றாள் டோர்டிஸ். "நாளைக்கு நான் சபையில சொல்லிடறேன். நிலம் சுன்னிவாவுக்குத்தான். பிள்ளைங்களுக்கு அறை கட்ட வேற வழி பாக்கலாம். பாறையை உடைக்கலாம்."

"வேண்டாம்மா."

சுன்னிவா சொன்னது இருவருக்கும் முதலில் புரியவில்லை.

"எனக்கு அந்த நிலம் வேண்டாம். அப்பா சொன்னதெல்லாம் நான் கேட்டேன். அதுல நான் வீடு கட்டி உக்காந்து, அடுத்த மாசம் உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? நான் அந்த வீட்டுல எப்படித் தூங்குவேன்?"

"சுன்னிவா, ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லடி."

"உனக்குத் தெரியும். எனக்கு அவ்வளவு விசுவாசம் கிடையாதும்மா. பயம் மட்டும் இருக்கு." அவள் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "சபைக்கே குடுத்துடு. தயவுசெஞ்சு குடுத்துடு."

டோர்டிஸ் அவர்கள் இருவரையும் பார்த்தாள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கண். அந்த நாலு கண்களும் இப்போது அவள் முகத்தில் நிறத்தைத் தேடின, உதட்டில் நீலம் இருக்கிறதா என்று தேடின. போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்காமலேயே அந்த நிலம் எடுக்கப்பட்டது. இப்போது கெஞ்சிக் கேட்கிறார்கள். ஆனால் இப்போது அவள் சரி என்று சொன்னால் அது காணிக்கை ஆகாது, மீட்புத் தொகையாகத்தான் இருக்கும். மாட்டேன் என்றால், இனி இந்த வீட்டில் அவள் ஒரு தடவை இருமினால் போதும், இரண்டு பேர் தூக்கத்தைத் தொலைப்பார்கள்.

"நாளைக்கு நான் பேசறேன்" என்றாள். "என்ன பேசப்போறேன்னு ரெண்டு பேரும் கேக்காதீங்க. எனக்கே இன்னும் தெரியாது. நான் ஜெபத்துல கேக்க வேண்டியவர்கிட்ட முதல்ல கேட்டுக்கறேன்."



அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்து வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினாள். செங்குத்தான பாதை. பாதி வழியில் ஒரு தட்டைப் பாறை உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு எப்போதும் அதில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போவாள். வயதான எவருக்கும் வாங்குகிற மூச்சுதான், அதில் ஒன்றும் இல்லை.

இன்று காலையிலிருந்து நின்றே இருந்ததில் கால் ஓய்ந்திருந்தது. பாறை வந்தபோது உட்கார வேண்டும் போலிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே தெரிந்தது, கீழே கொட்டகை வாசலில் இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

டோர்டிஸ் பாறையைத் தாண்டி, நிற்காமல் மேலே ஏறினாள்.